பொட்டு வைத்த பக்கம் மேலே

1

இன்று ஊரில் ஆயுத பூஜை. இங்கே அடிலெய்டில் சாதாரண வேலை நாள். காலையில் கொட்டகையின் ஷட்டரைத் தூக்கி விளக்கைப் போட்டபோது கூட வேலை பார்க்கும் ரூத் பின்னால் வந்து நின்றார்.

"உங்கள் பண்டிகை இன்றுதானே? காலண்டரில் பார்த்தேன். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு வந்திருக்கிறேன். என் கற்கள் மேல் ஒரு சொட்டு விழக் கூடாது" என்றார்.

இருவரும் சிரித்தோம். இந்த வருடத் தொடக்கத்தில் இதே பேச்சுக்கு எங்கள் இருவருக்குமே சிரிப்பு வரவில்லை. அந்தக் கதையை ஊரில் இருப்பவர்களுக்கு எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று எழுதாவிட்டால் பிறகு எழுதமாட்டேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பூமிக்குள் துளை போட்டு உருவி எடுக்கும் கல் உருளைகளை இங்கே கோர் என்பார்கள். முழங்கை நீளம், சொம்புப் பருமன். உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் பெட்டி பெட்டியாக வரும். இறக்குவது, அடுக்குவது, ரம்பத்தில் வைத்துச் சிறு துண்டுகளாக அறுப்பது என் வேலை. அறுத்துக் கொடுத்த துண்டுகளின் காந்தத்தை அளப்பது ரூத்தின் வேலை. ஐம்பது வயதைத் தாண்டியவர். நார்வே, கனடா என்று ஒப்பந்தம் ஒப்பந்தமாக அலைந்தவர். நானும் அலைந்தவன்தான். அவர் படித்துவிட்டு அலைந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

2

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரனூருக்கு மேற்கே எங்கள் ஊர். பள்ளிக்கூடப் பையோடு திருச்சி பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து ஒரு போர்வெல் வண்டியில் தொற்றிக்கொண்டேன். அந்த வண்டி ஆந்திராவுக்குப் போனது, ஒடிசாவுக்குப் போனது. பிறகு வண்டியைக் கப்பலில் ஏற்றித் தான்சானியாவுக்கு அனுப்பினார்கள், என்னையும் அனுப்பினார்கள். அங்கே மலேரியா வந்து போனது. ஓமானில் ஒரு விரல் நுனி போனது. அதன்பிறகு ஆஸ்திரேலியாவில் சுரங்கத்துக்குத் துளை போடும் கம்பெனி. அங்கே இடுப்பு போனது. குனிய முடியாத ஆளை வண்டியில் வைத்துக்கொள்ளமாட்டார்கள். கல்லைப் பக்குவமாகத் தூக்கத் தெரிந்தவன் என்று இந்தக் கொட்டகையில் எடுத்துக்கொண்டார்கள்.

போர்வெல்காரனுக்குத் தன் மாவட்டம் கீழே எப்படி இருக்கும் என்று தெரியும். குன்றாண்டார்கோவில் பக்கம் துளை போட்டால் மேலேயே பாறை இடிக்கும், தூள் வெள்ளையாகப் பறந்து முகத்தில் மாவு பூசும். கிழக்கே ஆவுடையார்கோவில் தாண்டிக் கடல் பக்கம் போனால் பாறையே தட்டாது. மணலும் களியும் மாறி மாறிக் குழைந்து வரும். ஏன் இப்படி என்று அப்போது நான் கேட்டதில்லை. தண்ணீர் வந்தால் சரி, வராவிட்டால் அடுத்த ஊர்.

என் மனைவி செல்வி அந்தக் களிமண் பக்கத்துப் பெண். "எங்க அப்பா பொண்ணக் குடுக்கல, கல்லுல போட்டு ஒடச்சாரு" என்று இன்றைக்கும் சொல்வாள். இங்கே முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். மகள் யாழினி பள்ளிக்கூடத்தின் கடைசி வருடம். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். என்னை ஊருக்குக் கூப்பிடாதீர்கள், அங்கே எனக்கு யாரையும் தெரியாது என்று ஒருநாள் கோபம் இல்லாமல் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இங்கே வீடு பார்த்தபோது என் மைத்துனன் ஊரிலிருந்து ஒரு வாஸ்து காம்பஸ் கொடுத்துவிட்டான். வாசலில் வைத்துப் பார்த்தால் முள் சுற்றவே இல்லை. வடக்கு முனை மேலே தூக்கிக் கண்ணாடியில் இடித்தது, தெற்கு முனை கீழே அடித்தட்டில் உரசிக்கொண்டு நின்றது. தட்டினேன், குலுக்கினேன். "ஊர விட்டு வந்தா இதுக்கும் கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்றாள் செல்வி. மட்டமான சாமான் என்று மைத்துனனை நாங்கள் ரெண்டு நாள் திட்டினோம். காம்பஸ் சரியாகத்தான் வேலை செய்தது என்பது ரூத்திடம் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

3

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவுக்கு எழுதுகிறேன்.

காந்த முள் வடக்கை மட்டும் காட்டுவதில்லை, சாயவும் செய்யும். பூமியின் நடுவயிற்றுப் பக்கம் முள் படுத்திருக்கும். நம் புதுக்கோட்டையில் கிட்டத்தட்ட அப்படித்தான், படுக்கையாகவே இருக்கும். வடக்கே போகப் போக அதன் வடக்கு முனை தலை கவிழும். தெற்கே வர வர அதே முனை தலை தூக்கும். நம் ஊர்க் காம்பஸ் படுத்த முள்ளுக்காகச் செய்தது. தெற்கே இவ்வளவு தூரம் கொண்டுவந்தால் உரசத்தான் செய்யும். ஆகவே முள்ளின் சாய்வைப் பார்த்தால், வடக்கே தெற்கே எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம்.

இனிமேல்தான் எனக்கு மயிர்க்கூச்செறிந்த விஷயம். மழைக்குப் பிறகு கண்மாய் ஓடையில் கருமணல் கோடு கோடாக ஒதுங்கிக் கிடக்குமே, காந்தத்தைக் காட்டினால் மீசை மாதிரி ஒட்டிக்கொள்ளுமே, அதைவிடப் பல மடங்கு சிறிய துகள்கள் ஆற்றுச் சேற்றில் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு காம்பஸ் முள். கலங்கிய தண்ணீரில் மெல்ல இறங்கும்போது, அன்றைக்கு அந்த இடத்தில் பூமி எப்படி இழுக்கிறதோ அப்படித் திரும்பிப் படுக்கும். மேலே சேறு விழும், அதன்மேல் சேறு விழும். துகளால் அப்புறம் திரும்ப முடியாது. சேறு கல்லாகிவிடும். தரை நகர்ந்து வேறெங்கோ போனாலும் துகள் பிறந்த இடத்துச் சாய்விலேயே கிடக்கும். ரூத்தின் கருவி அந்தச் சாய்வைப் படிக்கும்.

இதை அவர் என்னிடம் சொன்னபோது கையில் ஒரு கல்லை வைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை வருடம் கல்லைப் பொடியாக்கி ஊதித் தள்ளியிருக்கிறேன். அன்றைக்கு அதைக் கீழே வைக்கக் கை வரவில்லை.

ஆங்கிலத்தில் 'கிடைமட்டம்' என்பதற்குச் சொல் தெரியாமல் முதல் நாளே நான் "ஸ்லீப்பிங்" என்று சொல்லிவிட்டேன். செங்குத்துக்கு "ஸ்டேண்டிங்". ரூத் திருத்தவில்லை. இப்போது அவரும் மற்றவர்களிடம் அப்படித்தான் பேசுகிறார். "இந்தக் கல் தூங்குகிறது, அந்தக் கல் நிற்கிறது" என்பார்.

அளக்கும் அறைக்குள் பூமியின் காந்தம் நுழையாதபடி சுற்றிலும் உலோகத் தகடு அடித்திருக்கிறார்கள். முதல்முறை நான் உள்ளே போனதும் கருவியின் கோடு தாறுமாறாக ஏறி இறங்கியது. நான் முதன்முதலில் வெளிநாடு கிளம்பியபோது ஆத்தா போட்டுவிட்ட இரும்புக் காப்பு கையில் இருந்தது. சோப்புப் போட்டுக் கழற்றினேன். அறை வாசலில் அதற்கு ஓர் ஆணி அடித்துக் கொடுத்தார் ரூத்.

4

இந்த வருடத் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து பெட்டிகள் வருவதாக ரூத் சொன்னார். எந்த இடம் என்று கேட்டேன். வரைபடத்தில் விரலை வைத்தார். ஆவுடையார்கோவிலுக்குக் கிழக்கே, கடலுக்குக் கொஞ்சம் முன்னால். செல்வியின் ஊரிலிருந்து சைக்கிளில் போகலாம்.

அங்கே ஆழத் துளை போட்டு எடுத்த கற்களைக் கீரனூர் பக்கம் ஒரு பழைய அரிசி ஆலைக் கிடங்கில் வைத்திருந்து இங்கே அனுப்புகிறார்கள். அந்த நிலம் ஒரு காலத்தில் தெற்கே வெகு தூரத்தில், இந்த ஆஸ்திரேலியாவோடும் பனிக் கண்டத்தோடும் ஒட்டிக் கிடந்தது என்று புத்தகங்களில் பொதுவாக எழுதியிருக்கிறது. ஒட்டியிருந்தது விரிசல் விட்டு, அந்தப் பள்ளத்தில் முதல் மணல் வந்து விழுந்தபோது அந்த இடம் எவ்வளவு தெற்கே இருந்தது என்பதுதான் ரூத்தின் கேள்வி. பதில் அடிமட்டப் பெட்டிகளில் இருந்தது. அவருடைய ஒப்பந்தம் ஜூனில் முடிவதாக இருந்தது. இந்தக் கற்கள் பேசினால் நீட்டிப்பு, இல்லாவிட்டால் மறுபடி மூட்டை கட்ட வேண்டும். "இந்த வயதில் இன்னொரு நாடு என்றால் எனக்கு அலுப்பாக இருக்கிறது" என்றார்.

பெட்டிகள் துறைமுகத்தில் நின்றுவிட்டன. மண், விதை, மாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வரக் கூடாது என்று இங்கே கண்டிப்பு. ஒரு பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி, கற்களின் மேல் மஞ்சளாக, சிவப்பாக, வெள்ளையாக ஏதோ பூசியிருக்கிறது, விளக்கம் வேண்டும் என்று கேட்டார். படம் அனுப்பியிருந்தார்கள். ரூத் பார்த்துவிட்டு, பூஞ்சணமா என்று என்னிடம் நீட்டினார். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு கல்லிலும் மூன்று கோடு திருநீறு, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

அதிகாரியிடம் போனில் நான்தான் பேசினேன். பொறுமையான மனிதர்.

"வெள்ளைப் பொடி என்ன?"

"சாம்பல்."

"எந்த மரத்தின் சாம்பல்?"

"மரம் இல்லை. புனிதமான சாம்பல்."

"புனிதத்துக்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை. தாவரமா, விலங்கா?"

மாட்டுச் சாணி என்று சொல்ல வாய் கூசியது. சொன்னேன். மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்று, மறுபடி கேட்டது. அறுத்த தூளையெல்லாம் எரித்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு சில வாரங்களில் விட்டார்கள். என் குடியுரிமை விண்ணப்பம் அதைவிட நெடுநாளாக வேறொரு அலுவலகத்தில் கிடக்கிறது. கல்லுக்கு வேகமாக நடந்தது என்று ரூத்திடம் சொன்னேன்.

பெட்டிகளைத் திறந்து மேசையில் பரப்பிய பிறகுதான் அசல் விபரீதம் தெரிந்தது. துளையிலிருந்து எடுத்தவுடனே ஒவ்வொரு கல்லிலும் எது மேல்பக்கம் என்று அம்புக்குறி போடுவார்கள். உருளைக்குத் தலை எது கால் எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. மேல்மட்டப் பெட்டிகளில் அம்பு இருந்தது. அடிமட்டப் பெட்டிகளில் அம்பு இல்லை. கற்கள் பளபளவென்று இருந்தன. போன ஆயுத பூஜைக்குக் கிடங்கைச் சுத்தம் செய்தவர்கள் கைக்கு எட்டிய இந்தப் பெட்டிகளின் கற்களையும் கழுவிப் பொட்டு வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அம்மிக்கு வைப்போம், அரிவாள்மனைக்கு வைப்போம், பஸ் ஸ்டியரிங்குக்கு வைப்போம். கிடங்கில் இருப்பது கல் என்றால் கல்லுக்கு வைப்போம்.

ரூத் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"தலைகீழாக வைத்து அளந்தால் என்ன ஆகும் தெரியுமா? தெற்கே இருந்த நிலம் வடக்கே இருந்ததாகக் காட்டும். முள் தலை தூக்குகிறதா கவிழ்கிறதா என்பதுதான் எல்லாமே. எனக்கு மேலும் தெரியாது, கீழும் தெரியாது."

"அளந்து பார்த்து, எல்லாம் ஒரே பக்கம் வரும்படி திருப்பி வைத்தால்?" என்று கேட்டேன்.

"நான் விரும்பும் பதிலை நானே கல்லின் வாயில் திணிக்கிற மாதிரி. யாரும் ஏற்கமாட்டார்கள், நானே ஏற்கமாட்டேன்."

சில கற்களில் பருமணல் அடியிலும் நைசு மண் மேலுமாகப் படிந்திருக்கும், அதை வைத்துத் தலை எது என்று கண்டுபிடிக்கலாம் என்று லென்ஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முக்கால்வாசி வெறும் களிக்கல். ஒன்றும் தெரியவில்லை. தெரிந்த சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முடிவும் எழுத முடியாது. மிச்சப் பெட்டிகளை மாதக் கடைசியில் கழித்துவிடலாம் என்று மேலிடத்துக்கு எழுதினார். கழிப்பது என்றால் குப்பைத் தொட்டி.

5

வீட்டில் சாப்பிடும்போது சொன்னேன். எங்கள் ஊர்க் கல், என் ஊர்க்காரர்கள் செய்த காரியம், அந்த அம்மாவின் வேலை போகப்போகிறது என்று சொல்லிச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"டாட், இட்ஸ் எ ராக்" என்றாள் யாழினி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

செல்வி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"பொட்டு எங்கன வச்சிருக்கு?"

"கல்லு மேலதான்."

"அதக் கேக்கல. நடுவுலயா, ஓரத்துலயா?"

யோசித்தேன். நடுவில் இல்லை. எல்லாக் கல்லிலும் ஏதோ ஒரு முனைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

"அப்பறம் என்ன? நெத்தியிலதான வப்பாங்க. ஒலகத்துல எவளாச்சும் காலுல பொட்டு வப்பாளா?"

யாழினி போனைக் கீழே வைத்தாள்.

6

மறுநாள் சாயங்காலம், ஊரில் மதியம் ஆகும் நேரமாகப் பார்த்து அந்தக் கிடங்குக்குப் போன் போட்டேன். கல்லை அனுப்பியவர்களிடமே அந்த எண்ணை வாங்கியிருந்தேன். கூட்டிப் பெருக்கும் அக்கா எடுத்தார். பெயர் பஞ்சவர்ணம்.

"யாருங்க? ஆஸ்திரேலியாவா? சார் சாப்பிடப் போயிருக்காரு."

"ஒங்ககிட்டதாங்க்கா பேசணும். அந்தக் கல்லையெல்லாம் கழுவுனது யாரு?"

"கல்லா? எந்தக் கல்லு? யாரும் கழுவல. எனக்கு ஒண்ணுந் தெரியாது தம்பி."

போன் வைக்கப்பட்டது.

"போலீசுக்காரன் மாதிரி கேட்டா அந்தப் பொம்பள என்ன செய்யும்?" என்றாள் செல்வி. "குடுங்க இங்கிட்டு."

திரும்பப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். தான் ஆவுடையார்கோவில் பக்கம் என்றாள். அங்கே வெயில் எப்படி, என்ன குழம்பு, கீரனூரிலிருந்து டவுன் பஸ் இன்னும் அதே மாதிரித்தான் நிற்காமல் போகிறதா என்று கேட்டாள். அவர்கள் இருவரும் சேர்ந்து பஸ் கண்டக்டரைத் திட்டி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. பிறகுதான் செல்வி சொன்னாள்:

"அக்கா, அந்தக் கல்லுல பொட்டு அம்புட்டு அழகா இருந்துச்சு. கடலத் தாண்டி வந்தும் அழியல. யாருக்கா வச்சது?"

எதிர்முனையில் துடைப்பத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"நாந்தான்த்தா வச்சேன். சந்தனத்தக் கட்டியாக் கொழச்சு, பன்னீரு ஊத்தி வச்சேன். எம்புட்டுக் கல்லு! இடுப்பு ஒடிஞ்சு போச்சு."

"நிக்க வச்சு வச்சீங்களா, படுக்க வச்சா?"

"படுத்திருக்க கல்லுக்கு எவ பொட்டு வப்பா? அது என்ன பொணமா? வரிசையா வெயில்ல நிக்க வச்சேன். பாக்க லிங்கமாட்டம் இருந்துச்சு. அம்பு போட்டிருந்துச்சுல்ல, அந்தப் பக்கம் மேலன்னு சார் சொல்லியிருக்காரு. அம்ப மேல பாக்க நிப்பாட்டித்தான் குழாய அடிச்சேன். அது கழுவுனா போயிரும்னு யாரு கண்டா? மறுபடி பொட்டியில அடுக்குறப்பதான் தல காலு பாக்கல. பொரி கடலை குடுக்கணும்ல, புள்ளைக வந்து நிக்குதுக."

"எல்லாத்துக்கும் வச்சீங்களா?"

"கடேசிப் பொட்டிக்குக் குங்குமம் தீந்து போச்சு. அதுல பாதி மொட்டையாத்தான் கெடக்கும்." பிறகு குரல் இறங்கியது. "ஏந்த்தா, எம் வேலைக்கு ஒண்ணும் வந்துறாதுல்ல?"

"வராதுக்கா. நீங்க பொட்டு வச்சதாலதான் இங்கிட்டு ஒரு அம்மா வேலை போகாம நெலைக்கப் போகுது."

7

ரூத் நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். நம்பவும் இல்லை, தள்ளவும் இல்லை.

"மாதங்கள் கழித்து ஒருவர் நினைவிலிருந்து சொல்வதை மட்டும் வைத்து எழுத முடியாது. ஆனால் சோதிக்கலாம்" என்றார்.

பருமணலும் நைசு மண்ணும் பார்த்து அவர் முன்பே தலை கண்டுபிடித்து வைத்திருந்த சில கற்கள் இருந்தன அல்லவா? அவற்றை எடுத்தோம். நான் பொட்டு எந்த முனையில் என்று சொல்ல, அவர் தன் குறிப்பைப் பார்த்தார். முதல் கல்லில் பொட்டும் நைசு மண்ணும் ஒரே பக்கம். அடுத்ததும் அப்படியே. அடுத்ததும். கடைசியில் ஒரே ஒரு கல்லில் மட்டும் பொட்டு கால் பக்கம் இருந்தது. நான் முகம் வாடினேன். ரூத் முதல்முறையாகச் சிரித்தார்.

"ஒன்று தவறியது நல்லது. எல்லாம் சரியாக வந்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். மனிதர் கை பட்டிருக்கிறது."

பொட்டு இல்லாத மொட்டைக் கற்களைக் கழித்துவிட்டோம். அதில் எனக்கு வருத்தம்தான். மற்றவற்றை அறுத்தேன். பூசியிருந்ததெல்லாம் அளவுக்குள் வரக் கூடாது என்று மேல்தோலைச் சீவி எறிந்துவிட்டு, உள்கல்லிலிருந்து கட்டை விரல் அளவுத் துண்டுகளாக எடுத்தேன்.

கல்லைப் படிக்கும் முறையும் விசித்திரமானது. அடுப்பில் வைத்துக் கொஞ்சம் சூடாக்கி, ஆறவிட்டு, அளக்க வேண்டும். பிறகு இன்னும் கொஞ்சம் சூடு, மறுபடி அளவு. ஒவ்வொரு சூட்டிலும் கல் எதையோ விட்டுவிடும். இங்கே கொட்டகையில் சில மாதம் கிடந்ததில் இந்த ஊர்ச் சாய்வு கொஞ்சம் ஒட்டியிருந்தால் அது முதலில் போய்விடும் என்றார் ரூத். அடுத்து படுக்கையான ஒரு காந்தம் கழன்றது. எவ்வளவு காலமாகவோ நம் ஊர் மண்ணுக்கு அடியில் கிடந்ததற்கு அடையாளம், கிட்டத்தட்ட நம் ஊர் முள்ளின் சாய்வு. இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். ரூத் சூட்டை ஏற்றினார். அதன் அடியில் இன்னொன்று இருந்தது. அசையாமல் இருந்தது. தலையை மேலே தூக்கி, ஏறக்குறைய நின்றுகொண்டிருந்தது.

அடுத்த துண்டும் நின்றது. அதற்கடுத்ததும். வேறு வேறு பெட்டி, வேறு வேறு ஆழம், ஏறக்குறைய ஒரே சாய்வு. நாள் முழுக்கத் திரையில் புள்ளிகள் ஒரே இடத்தில் வந்து வந்து உட்கார்ந்தன. பொட்டு தவறிய அந்த ஒரு கல்லும், மண்ணைப் பார்த்து நேராக்கிய பிறகு, அங்கேயே வந்து உட்கார்ந்தது. வாசலில் ஆணியில் தொங்கும் என் காப்பைப் போட்டுக்கொள்ள மறந்து வீட்டுக்குப் போனேன்.

அந்த வாரக் கடைசியில் யாழினி தானாகவே கேட்டாள், பார்க்க வரலாமா என்று. கூட்டிப்போனேன். ரூத் மிகக் கீழே இருந்த கல்லின் சாய்வை ஓர் அட்டையில் கோடாகப் போட்டுக் கொடுத்தார். கொட்டகைக்கு வெளியே, இரும்பு எதுவும் இல்லாத இடத்தில், சாய்வு காட்டும் முள்ளை ஒரு மர முக்காலியில் வைத்தார். முள் ஆடி ஆடி நின்றது, வாஸ்து காம்பஸ் நின்ற அதே கோலத்தில். யாழினி அட்டையைப் பக்கத்தில் பிடித்தாள். கோடும் முள்ளும் ஏறக்குறைய ஒன்றாக நின்றன.

"சேமா இருக்கு" என்றாள். "அப்பா, ரெண்டும் சேமா இருக்கு."

ரூத் ஒரு திருத்தம் சொன்னார். பூமியின் காந்தம் காலத்துக்குக் காலம் கொஞ்சம் ஆடும், இன்றைய முள்ளோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த நிலம் இந்த ஊரையும் தாண்டி, இன்னும் தெற்கே இருந்திருக்கிறது.

நான் வெளிநாட்டுக்கு வந்துவிட்டதாக இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மாமனார் வீட்டு வயல் எனக்கும் தெற்கே, பனிக்குப் பக்கத்தில் கிடந்திருக்கிறது. நகம் வளர்வதைவிடச் சில மடங்கு வேகம்தானாம், அவ்வளவு மெதுவாக அது கடலைக் கடந்து வடக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. போகும் வழியெல்லாம் மேலே மண் விழுந்திருக்கிறது, ஆறு ஓடியிருக்கிறது, கண்மாய் வெட்டியிருக்கிறார்கள், கோயில் கட்டியிருக்கிறார்கள், செல்வி பிறந்திருக்கிறாள். அடியில் இருந்த துகள் மட்டும் புறப்பட்ட இடத்தைப் பார்த்தபடியே இருந்திருக்கிறது. அன்று சாப்பாட்டில் யாழினி ஆவுடையார்கோவில் எப்படி இருக்கும் என்று கேட்டாள். செல்வி சொல்ல ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை.

பஞ்சவர்ணம் அக்காவுக்குச் செய்தி சொன்னேன்.

"நம்ம ஊரு அங்கிட்டா இருந்துச்சு? யாரு இழுத்துட்டு வந்தா?"

"தானா வந்துச்சுக்கா."

"பாஸ்போட்டு கீஸ்போட்டு ஒண்ணுங் கேக்கலயா?"

8

ரூத்தின் ஒப்பந்தத்தை நீட்டினார்கள். அவர் எழுதிய அறிக்கையில் கற்கள் கிடங்கில் கழுவப்பட்டன என்று ஒரு வரியும், மேல்பக்கம் எப்படித் தீர்மானிக்கப்பட்டது என்று ஒரு பத்தியும் இருக்கின்றன. யார் கழுவினார்கள் என்று இல்லை.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. கல்லை முழுக்கப் படிக்க வேண்டுமானால் ஐந்நூற்று எண்பது டிகிரியைத் தாண்டிச் சூடாக்க வேண்டும். அப்போது துகள் எல்லாவற்றையும் விட்டுவிடும். கடலைக் கடந்து, இவ்வளவு மண்ணைச் சுமந்து, குழாய்த் தண்ணீருக்கும் தப்பி வந்ததை நான் என் கையால் அடுப்பில் வைத்து அழித்தேன். அளந்து முடித்த துண்டுகளை அறையிலிருந்து எடுத்து வரும்போது அவை வெறும் கல். கனம் அதேதான்.

ரூத்துக்கும் அது தெரியும். மிகக் கீழே இருந்த கற்களில் ஒன்றை அறுக்காமல், சூடு காட்டாமல் வைத்துக்கொள்ளச் சொன்னார். பின்னால் நம்மைவிட நல்ல கருவியோடு யாராவது வருவார்கள், அவர்களுக்கு ஒன்று மிச்சம் இருக்கட்டும் என்றார்.

இன்று காலை குழாயைப் பற்றிச் சிரித்து முடித்த பிறகு, பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். தண்ணீருக்கு அழியாத மை.

"அதற்கு நீங்களே போட்டுவிடுங்கள்" என்றார்.

அலமாரியிலிருந்து கல்லை இறக்கினேன். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது, குங்குமம் கொஞ்சம் கறுத்திருந்தது. பொட்டு வைத்த பக்கத்தை மேலே பார்க்க நிறுத்தி, பொட்டின் மேல் படாமல், பக்கத்தில் அம்பு போட்டேன்.